காயும்வரை தெரியாத விரிசல்

ஒரு பொருள் உடைந்திருக்கிறதா இல்லையா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். தட்டு விழுந்தால் சத்தம் வரும், துண்டு தெறிக்கும், வீட்டில் யாராவது திட்டுவார்கள். அதில் குழம்ப என்ன இருக்கிறது? அம்பத்தூரில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் போகும் ஒரு பழைய கான்கிரீட் ரோட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் கண்ணெதிரே அரை நாளாக ஒரு மெஷின் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த ரோடு உடைந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். சொல்ல வேண்டியவள் நான்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரோட்டின் ஒரு பக்கம் கம்பெனி மதில்கள். மறுபக்கம் வரிசையாக வீடுகள். நடுவில் லாரிகள் ஓடி ஓடி கான்கிரீட் தளர்ந்துபோயிருந்தது. கான்கிரீட் ரோடு ஒரே நீளமாகத் தெரிந்தாலும் பெரிய பெரிய பலகைகளாகத்தான் போடப்பட்டிருக்கும். நாங்கள் ஸ்லாப் என்போம். ஒரு ஸ்லாப்பின் முனையில் லாரி ஏறினால் மறுமுனை லேசாக எழும்பி, லாரி தாண்டியதும் டக்கென்று உட்காரும். மழைக்காலத்தில் அந்த இடுக்கு வழியாகச் சேறு பீய்ச்சும் என்று அங்கே குடியிருந்தவர்கள் சொன்னார்கள்.

அதை எப்படிச் சரிசெய்யப்போகிறோம் என்று என் சீனியர் முதல் நாளே விளக்கினார். அவர் திருநெல்வேலிக்காரர். கரையான்சாவடியில் ஃபிளாட் வாங்கிக் குடியிருந்தார். எதைச் சொன்னாலும் நிதானமாக, கையில் இருக்கும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே சொல்வார்.

"இதை அள்ளிக்கிட்டுப் போகப்போறதில்ல, பாத்துக்க. இருக்குற இடத்துலயே விரிசல் விட வைக்கணும். அப்புறம் ரோலரை வச்சு அமுக்கி உக்கார வைக்கணும். அதுக்கு மேலதான் தாரு."

"அப்படியே தாரைப் போட்டா என்ன சார்?"

"போடலாமே. வெயில்ல இந்த ஸ்லாப்பு மொத்தமா நீளும், குளிருல மொத்தமா சுருங்கும். மேல இருக்குற தாரு ரெண்டு ஸ்லாப்பு சேர்ற இடத்துல பிளந்துக்கும். சின்னச் சின்னத் துண்டா ஆக்கிட்டோம்னா ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டுதான் அசையும். தாரு தாங்கிக்கும்."

இதுவரை புரிந்தது. அதற்கு அப்புறம் சொன்னதுதான் என்னைச் சுற்ற விட்டது. ஒரு துண்டு, அதன்மேல் இரண்டு குடம் வைக்கிற அளவுக்கு இருக்க வேண்டுமாம். அதைவிடப் பெரிதாக இருந்தால் உடைத்தும் பயனில்லை. சின்னதாகிவிட்டால் வெறும் ஜல்லி. துண்டுகள் உடைந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"உடையணும், பிரியக்கூடாது. அதான் சங்கதி. புரியுதாம்மா?"

"புரியுது சார்" என்றேன்.

புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. எங்கள் வீட்டில் புரிந்துகொள்ளும் வேலை என்னுடையது. அப்பா பட்டாபிராம் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், அம்மா அடுக்குமாடி ஒன்றில் படிக்கட்டு துடைக்கிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது என் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னால் சான்றிதழ் வாங்கத்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் கொடுத்த தாளை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், கரண்ட் பில்லாக இருந்தாலும், நான் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னொரு தபா படி" என்பார். இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் அவர் கட்டைவிரல் மைக்குப் போகும். சின்ன வயதில் எதையோ படிக்காமல் விரல் வைத்து ஏமாந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எதை என்று அவர் சொன்னதில்லை.

அப்படி வளர்ந்தவள் நான். ரோட்டைக் குத்தும் மெஷினின் கையேடு ஆங்கிலத்தில் முப்பது பக்கம் இருந்தது. ரயிலில் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டேன். அதில் உடைத்த பிறகு மேற்பரப்பை நனைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தூசிக்காக என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மெஷின் என்றால் லாரி அளவு இருக்கும். பின்பக்கம் ஒரு கனத்த இரும்புப் பாளம் மேலே ஏறி, தொப்பென்று விழும். வண்டி இரண்டு முழம் நகரும், மறுபடி விழும். அதை ஓட்டுகிறவர் நாற்பதைத் தாண்டியவர், அண்ணனூரில் ரயில் நிறுத்தும் பணிமனைக்குப் பின்னால் வீடு. உட்காரும் சீட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட தலையணை ஒன்றைப் போட்டிருப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

இரண்டாம் நாளே அவர் தன் கதையைச் சொன்னார். முன்பு வேலை செய்த இடத்தில் குத்தும்போது பூமிக்கடியில் போன தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாம். குழாய் அங்கே இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் பழி அவர் தலையில்.

"இன்னொரு கம்ப்ளைண்ட் வந்திச்சுன்னா சீட்டு இல்லன்னு ஓனரு சொல்லிட்டாரு மேடம். திரும்பி கிரீஸ் அடிக்கப் போவணும். இந்த சீட்டுல குந்தறதுக்கு எவ்ளோ வருசம் கிரீஸ் அடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்."

அதனால்தான் இந்தத் தெருவில் குத்த ஆரம்பிக்கும் முன் குழாய் வால்வை மூடச் சொல்லி அவரே பிடிவாதம் பிடித்தார். மூடினோம். மூன்றாம் நாள் வீடுகளில் தண்ணீர் இல்லை.

அன்று காலை எங்கள் வேலைக்காகத் தண்ணீர் லாரி வந்தது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஏதோ கிணற்றுத் தண்ணீர். லாரி நின்ற ஐந்து நிமிடத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. முதலில் நின்றவர் தோசைக்கடை அக்கா. வீட்டு முன்னறையிலேயே கல்லைப் போட்டுக் கடை நடத்துகிறவர். முதல் நாளிலிருந்தே என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே எஞ்சினீரு, எங்க தண்ணிய மூடிட்டு நீ மட்டும் ரோட்டுக்கு ஊத்திக்கினு இருப்பியா?"

"அக்கா, இது வேலைக்கு வந்த தண்ணி."

"ரோடு இன்னா குளிக்கப்போவுதா? நாங்க குளிச்சு ரெண்டு நாளாவுது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, வால்வை மூடியது நாங்கள்தானே. அதோடு, கொடு என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. எங்கள் அம்மா குடத்தோடு வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டுவதற்காகக் காத்திருப்பாள். இங்கே தலையாட்டுகிறவள் நான்.

"புடிச்சுக்கோங்க" என்றேன்.

லாரி காலியாகிவிட்டது. "படிச்ச பொண்ணு, மனசு கீது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்று காலை முழுவதும் அந்த வார்த்தையோடுதான் நடந்தேன்.

மதியத்துக்குள் ஆபரேட்டர் அண்ணன் பத்து ஸ்லாப் குத்தி முடித்தார். பெயின்டில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். இரும்பு விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. அவ்வளவுதான். உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். காலால் தட்டினேன். அடுத்ததுக்குப் போனேன். அதிலும் ஒன்றுமில்லை. இவ்வளவு சத்தம், இவ்வளவு அதிர்ச்சி, எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி கூட ஆடியது, ரோடு மட்டும் அப்படியே கிடந்தது.

தோசைக்கடை அக்கா வாசலில் நின்று கேட்டார்: "ஒடைக்கிறேன் ஒடைக்கிறேன்னு மூணு நாளா பேசினு கீற. ரோட்டுக்கு முதுகு புடிச்சு உடுறியா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆபரேட்டரிடம் போனேன்.

"அண்ணே, ஒண்ணுமே ஆகலையே."

"ஆயிருக்கும் மேடம்."

"எங்க? காட்டுங்க."

அவர் சீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தார். அப்புறம் காலியாக நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்தார். "தண்ணி ஊத்திப் பாருங்க மேடம், தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார்.

தண்ணீரைத் தானம் கொடுத்துவிட்டு நிற்கிறவளைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். டீசலை மிச்சம் பிடிக்க உயரத்தைக் குறைத்துக் குத்துகிறார் என்றும் தோன்றியது. அந்த வரி, கையேட்டில் நான் தாண்டிப்போன அந்த வரி, அப்போதாவது ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை.

"இன்னும் உயரத்துலேருந்து போடுங்க. இடைவெளியைப் பாதியா குறைங்க."

"போதும் மேடம். சாரு வெச்ச அளவுதான் இது."

"நான் சொல்றேன்ல?"

அவர் லீவரில் கையை வைத்தார். "உங்க ரோடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பதினொன்றாம் ஸ்லாப்பிலிருந்து நான் சொன்னபடி குத்தினார். மூன்றாவது குத்தில் ஓரம் பெயர்ந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "இன்னும், இன்னும்" என்று கையைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். பதினாறு வரை போனோம். போகப்போக சத்தம் மாறியது. முதலில் கல்லில் விழும் சத்தம், பிறகு மூட்டையில் விழும் சத்தம். அதையும் கேட்டேன். நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கே வந்துவிட்டேன். தோசைக்கடை அக்கா மாவரைத்த பாத்திரத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரை ரோட்டில் விசிறிக் கொட்டினார். கடைக்கு முன்னால் இருந்தது பத்தாம் ஸ்லாப். வெயில் வந்திருந்தது. நான் பக்கத்தில் நின்று பையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. பிறகு ஓரம் வெளுத்தது. நடுவில் ஒரு திட்டு வெளுத்தது, இன்னொரு திட்டு. வெளுக்காமல் நின்ற இடம் கோடாக நின்றது. கோடு ஒன்றல்ல. குறுக்கே ஒன்று, சாய்வாக ஒன்று, அது இரண்டாகக் கிளைத்து அந்த முனைக்குப் போனது. ரோடு முழுக்க காய்ந்துவிட்டது, கோடுகள் மட்டும் ஈரமாகவே இருந்தன, மெல்லியதாக, பேனாவால் வரைந்த மாதிரி. ஒவ்வொரு துண்டும் சரியாக இரண்டு குடம் உட்காரும் அளவு.

நேற்று மதியமே அது உடைந்திருக்கிறது. நான் கையால் தடவிய அதே இடத்தில்.

"அக்கா, ஒரு குடம் தண்ணி குடுங்க."

"நேத்து குடுத்தத இன்னிக்குத் திருப்பிக் கேக்கிறியா? நல்ல பொண்ணு நீ" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

பன்னிரண்டாம் ஸ்லாப்பில் ஊற்றினேன். தண்ணீர் பரவவே இல்லை. குமிழ் விட்டபடி உள்ளே போய்விட்டது. காய்வதற்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. மிதித்தால் காலடியில் லேசாக அமுங்கியது.

ஆபரேட்டர் அண்ணன் வந்து பார்த்தார். நான் சொன்னேன்ல என்று அவர் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் போய்த் தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு சீனியர் வந்தார். விரிசல் அடிவரை போயிருக்கிறதா என்று பார்க்க, ரோட்டை வட்டமாகத் துளைத்து ஓர் உருளையை எடுப்பார்கள். நான்காம் ஸ்லாப்பிலிருந்து எடுத்த உருளை நெட்டுவாக்கில் இரண்டு பாதியாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பிளவே தெரியவில்லை. "பாரு, இதான் வேணும்" என்றார். என் கையில் கொடுத்தார். பதின்மூன்றாம் ஸ்லாப்பில் உருளையே வரவில்லை. கை நிறையச் சிதறிய கல், அதோடு கறுப்புக் களிமண்.

அவர் களியை விரலில் உருட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பூராவும் ஏரி கிடந்த இடம்லா. அடியிலயே சரியில்ல. ஆனா இவ்வளவு நொறுங்கியிருக்கக் கூடாதே." மெஷின் பக்கம் திரும்பினார். "ஏய்யா, கையில வேகம் போகலையா ஒனக்கு? முன்ன குழாயை உடைச்ச, இப்ப ரோட்டை மாவாக்கிட்ட."

ஆபரேட்டர் அண்ணன் குனிந்து தலையணையைச் சரிசெய்தார். என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் பேசியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜமா என்று தெரியவில்லை.

சீனியர் அங்கேயே நின்று மெஷின் ஓனருக்குப் போன் செய்தார். "நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க" என்றார். நான் இரண்டு அடி தள்ளி, பாதி உருளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஈரமாக, கனமாக இருந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை? களியால் நொறுங்கியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு. என்னால் என்றால் களி என்ன செய்தது? களியால் என்றால் நான் ஏன் பயப்படுகிறேன்? ஒன்றை நினைத்தால் மற்றது பொய்யாகத் தெரிந்தது. இரண்டுக்கும் அடியில், பீரோவில் உறைக்குள் இருக்கும் தாள். முதல் வேலை, முதல் மாதம், முதல் தப்பு. எங்கள் வீட்டில் எல்லா முதலும் என்னுடையதுதான்.

சீனியர் கிளம்பும்போது ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஸ்லாப் எண், குத்துகளின் எண்ணிக்கை, இடைவெளி, குறிப்பு. "நிரப்பிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் குடு."

மதியம் தோசைக்கடை அக்கா தானாகக் கூப்பிட்டு ஒரு தட்டில் இரண்டு தோசை வைத்தார். "தின்னு. மூஞ்சி வெளுத்துக்கீது."

உட்கார்ந்தேன்.

"அந்தாளு நாளையிலேருந்து வரமாட்டாராமே?"

"தெரியலக்கா."

"நேத்து நீ 'இன்னும் இன்னும்'னு கத்தினது எங்க ஊட்டு உள்ரூமு வரைக்கும் கேட்டுச்சு" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார். இரண்டாவது தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அந்தப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். அப்பா குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இன்னா தாளு? படி."

இது ஆபீஸ் தாள், உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கையெழுத்துப் போடும் தாள்களை அவருக்குப் படித்துக் காட்டுவது எனக்கு எப்போதும் பெருமை. படித்தேன். ஒன்று முதல் பத்து வரை இவ்வளவு குத்து, பதினொன்று முதல் பதினாறு வரை இவ்வளவு குத்து, பொடியாகியிருக்கிறது, அடியில் களி.

"இன்னொரு தபா."

மறுபடி படித்தேன்.

"மொதல்ல கம்மி, அப்பால ஜாஸ்தின்னு போட்டிருக்கியே, யாரு ஜாஸ்தி பண்ணச் சொன்னது?"

"அதெல்லாம் இதுல வராதுப்பா."

"எப்டி வராம போவும்? எங்க கிடங்குல ஒரு லோடுக்கு நாலு மூட்ட ஜாஸ்தி ஏத்தினா, யாரு சொல்லி ஏத்தினதுன்னு சீட்டுல போடுவாங்களே. இல்லன்னா தூக்கினவன் தலைல உழுந்துடும்."

"உங்களுக்கு இது புரியாதுப்பா" என்று கத்திவிட்டேன்.

அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "சரி, படிச்சவ நீ" என்று எழுந்து போய் டிவியைப் போட்டார். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத்தான் தெரியும் என்று நம்பிச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை சைட்டில், தார் டிரம்மின் மேல் வைத்து குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன். கட்டம் சின்னது. ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுத வேண்டியிருந்தது. பதினொன்று முதல் பதினாறு வரை கூடுதல் குத்துகள் என் சொல்லின்பேரில் போடப்பட்டன. ஆபரேட்டர் போதும் என்றார். மேற்பரப்பை நான் நனைத்துப் பார்க்கவில்லை, தண்ணீரைக் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பொடியானது இதனாலா களியாலா என்பது எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டேன். சீனியரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பேனா திறந்து மூடியது.

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

அவர் குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"களியாலயா குத்தாலயான்னு தெரியலன்னு எழுதியிருக்க."

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. ஆனா ரிப்போர்ட்டுல தெரியலன்னு எழுதுற மொத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

திட்டினாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. முகம் இறுகித்தான் இருந்தது. போனை எடுத்து ஓனரிடம் பேசினார். புது ஆள் பாதி வழியில் வந்துகொண்டிருந்தார், அவரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு, "இனிமே தண்ணி லாரி காலியாகணும்னா எங்கிட்ட கேட்டுட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மெஷினுக்குப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார். தலையணை அவர் அக்குளில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நான் எழுதியதைச் சொன்னேன்.

"ஏன் மேடம் எழுதினீங்கோ?"

"உண்மை அதானே அண்ணே."

"நீங்க கம்முனு இருந்திருந்தா எனக்கு மட்டும்தான் போயிருக்கும். இப்ப ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தலையணையைச் சீட்டில் போட்டு, இரண்டு தட்டு தட்டி, ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பும் முன், "தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார்.

அந்த ஆறு ஸ்லாப்பையும் தோண்டி எடுத்தார்கள். களியையும் அள்ளி, கல் போட்டு நிரப்பினார்கள். அத்தனை நாளும் தோசைக்கடையை ஒட்டிப் பள்ளம். அக்கா கல்லைப் பக்கத்துச் சந்துக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொன்னார். "ஒடச்சத அள்ளக்கூடாதுன்னியே, அள்ளிட்டுப் போற? எதுதான்மா உங்க படிப்பு?" நான் விளக்க ஆரம்பித்து, பாதியில் எனக்கே குழம்பி, "ஒரு காபி குடுங்கக்கா" என்று முடித்துவிடுவேன்.

பள்ளம் மூடிய மறுநாள் பதினேழாம் ஸ்லாப்பிலிருந்து மறுபடி தொடங்கினோம். தண்ணீர் லாரி வந்தது. சீனியரிடம் கேட்டிருந்தேன், "பாத்துச் செய்யி" என்று மட்டும் சொன்னார். அது சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா தெரியவில்லை. குத்துவதற்காக வால்வை மறுபடி மூடியிருந்தோம். குடங்கள் வரிசையாக வந்துவிட்டன. தோசைக்கடை அக்கா முதலில்.

"இன்னா, குடுப்பியா மாட்டியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆபரேட்டர் அண்ணனும் சீட்டிலிருந்து பார்த்தார். பதினேழு, பதினெட்டு இரண்டும் குத்தி முடித்திருந்தது. மேலே வழக்கம்போல வெள்ளைத் தழும்புகள் மட்டும்.

"எத்தினி குடம் வேணும்னாலும் புடிச்சுக்கோங்க. ஆனா ஆளுக்கு மொத குடத்த இந்த ரோட்டுல ஊத்திட்டுத்தான்."

"பைத்தியமாடி உனக்கு?" என்று ஒருவர் கேட்டார். அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றி, பதினேழின் நடுவில் போய்க் கவிழ்த்தார். ஒவ்வொருவராக ஊற்றினார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும். ரோடு முழுக்க நனைந்து கறுத்தது.

யாரும் குடத்தை மறுபடி நிரப்பப் போகவில்லை. எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரியாமலே நின்றார்கள். ஆபரேட்டர் அண்ணன் இறங்கி வந்து நின்றார். வெயில் ஏறியது. ஓரம் வெளுத்தது.

"த்தோ, த்தோ" என்றார் அக்கா, விரலை நீட்டி.

ஒரு கோடு. அதிலிருந்து இன்னொன்று. நான் உட்கார்ந்து, காலிக் குடம் ஒன்றை வாங்கி, ஒரு துண்டின்மேல் வைத்தேன். பக்கத்தில் இன்னொன்றை வைக்க இடம் இருந்தது. அடுத்த துண்டில் இரண்டு குடத்துக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது பெரிதா, இருக்கலாமா? கோடு அடிவரை போயிருக்கிறதா? கீழே களி எங்கே முடிகிறது? எதுவும் மேலிருந்து தெரியாது.

"போதுமா மேடம்?" என்று கேட்டார் ஆபரேட்டர் அண்ணன்.

"நீங்க என்ன அண்ணே சொல்றீங்க?"

அவர் குனிந்து அந்தக் கோட்டின் ஓரமாக நடந்து போய், திரும்பி வந்தார். "போதும்" என்றார்.

"போதும்" என்று நானும் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து பத்தொன்பதுக்கு வண்டியை நகர்த்தினார். பெண்கள் குடங்களோடு லாரிக்குத் திரும்பினார்கள். நான் படிவத்தை எடுத்து, இந்தத் தடவை இரண்டு பேரும் பார்த்தோம் என்று எழுதினேன்.